பொற்பனைக்கோட்டை

புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே சுமார் 6 கி.மீ. தொலைவில், பழைய மண்மேட்டு மதிலும் அகழியும் சூழ்ந்த வட்டமான கோட்டைப் பகுதி. வெளியூரார் பலருக்கு இது பொற்பனை முனீஸ்வரர் கோயில் உள்ள இடம்; அவ்வளவே. சோழர் காலக் கோயிலுள்ள திருவரங்குளம் அருகில்தான் இருக்கிறது.

புதுக்கோட்டை சமஸ்தானம் 1910இல் அருங்காட்சியகம் தொடங்கி, 1929இல் தன் கல்வெட்டுகளைத் தொகுத்து நூலாக்கியது. ஆயினும் அந்தப் பணி பெரிதும் கோயில்களையே சார்ந்தது. மதிலுக்குள் புதைந்திருந்த குடியிருப்பின் மீது கவனம் திரும்பியதில் உள்ளூர் ஆர்வலர்களின் பங்கு பெரிது. ஆசிரியர்கள் முதலானோர் அடங்கிய புதுக்கோட்டை தொல்லியல் ஆய்வுக் கழகம் வயல்வெளிகளில் சுற்றி, பானை ஓடுகளையும் இரும்புக் கசடுகளையும் பதிவு செய்தது; அகழாய்வு வேண்டும் என்று விடாமல் கேட்டது. கோரிக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை சென்றது.

2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதலில் தோண்டியது. 2023இல் மாநிலத் தொல்லியல் துறை பணியைத் தொடங்கியது. செங்கல் கட்டுமானங்கள், கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள், கார்னீலியன் மணி, எலும்பு முனைக் கருவி, ஆறு இதழ்த் தங்க மூக்குத்தி ஆகியவை வெளிப்பட்டன. செய்திகளில் மின்னியது மூக்குத்திதான். ஊரின் வயதைக் கணிக்க ஓடுகளும் செங்கற்களுமே அதிகம் உதவும். இங்குக் கிடைத்த தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துள்ள நடுகல், சோழர் காலத்துக்கு மிக முற்பட்ட வாழ்வைக் காட்டுகிறது.