அறுந்த இழையிலிருந்து ஒரு கயிறு

தறிக்குழியில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், ஊடை இழை அறுந்தது கண்ணில் படாமல் போனால் நெய்த துணி வீண். கைத்தறியில் கண்ணும் கையும் சேர்ந்தே ஓடுவதால் நெசவாளர் சட்டென்று நிறுத்திவிடுவார். தொடக்ககால விசைத்தறி அப்படி நிற்காது. ஆள் பார்த்து நிறுத்தும்வரை பழுதையே நெய்துகொண்டிருக்கும். ஜப்பானில் ஒரு தச்சரின் மகனான சகிச்சி தொயோடா இதற்கு வழி கண்டார். 1896இல் அவர் செய்த விசைத்தறியில் ஊடை அறுந்தாலோ தீர்ந்தாலோ தறி தானே நின்றுவிடும். 1924இல் அவர் முடித்த தானியங்கித் தறியின் உரிமைக்கு, 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் ஒரு லட்சம் பவுண்டு தர ஒப்பந்தம் போட்டது.

அவருடைய மகன் கீச்சிரோ காலத்தில், 1937இல், குடும்பம் டொயோட்டா கார் நிறுவனத்தைத் தொடங்கியது. தறிக்கு இருந்த அறிவு கார் ஆலைக்கும் போனது. ஆனால் கதவு சரியாகப் பொருந்தவில்லை என்பதை இயந்திரம் உணராது, அதைப் பொருத்துகிறவர்தான் உணர்வார். அதனால் அவர் தலைக்கு மேலே ஒரு கயிறு கட்டினார்கள். இழுத்தால் பலகையில் மஞ்சள் விளக்கு எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும். குழுத் தலைவர் ஓடி வருவார். தரையில் குறித்த இடத்தைக் கார் தாண்டுவதற்குள் கோளாறு சரியானால் வரிசை நிற்காது. ஆகாவிட்டால் நின்றுவிடும்.

அந்த விளக்குப் பலகைக்கு ஜப்பானியர் வைத்த பெயர், அவர்களுடைய பழைய காகித விளக்கின் பெயர். andon என்ற அதைத் தமிழில் எழுதும்போது ‘ஆண்டான்’ என்றே படிக்க வருகிறது. ஆண்டான் அடிமை என்று சேர்த்துச் சொல்லிப் பழகிய நமக்கு இந்தச் சொல் ஒரு நிமிடம் தொண்டையில் நிற்க வேண்டும். ஏனென்றால் இங்கே கீழே நிற்பவர் இழுக்கிறார், மேலே இருப்பவர் ஓடி வருகிறார்.

நம்மிடமும் ஒரு கயிறு இருந்தது. திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி தொங்கியதாகவும், கன்றை இழந்த பசு அதை அசைத்ததாகவும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். தேர்க்காலில் மகனை இட்ட இடத்தையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய கணம்தான் பெரிதாகப் படுகிறது. மணி கேட்டதும் அரசன் எழுந்து வெளியே வந்தான். வரமாட்டான் என்றால் அந்தக் கயிற்றுக்கு வேலையே இல்லை.

கயிறு கடல் தாண்டியபோது இது தெளிவானது. கலிபோர்னியாவின் ஃபிரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலை, வேலைக்கு வராதவர்களாலும் சண்டை சச்சரவாலும் பெயர் கெட்டு 1982இல் மூடப்பட்டது. வரிசையை நிறுத்துவது அங்கே நினைத்தும் பார்க்கக் கூடாத குற்றம். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தபோது, பெரும்பாலும் அதே தொழிலாளர்களைத்தான் எடுத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். ஊருக்கே ஆகாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் கைகளிலிருந்து நல்ல கார்கள் வந்தன. பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் தன் வேறு ஆலைகளிலும் கயிறு கட்டிப் பார்த்தது. அங்கே இழுத்தவருக்குக் கிடைத்தது மேலாளரின் வசவுதான். நாளடைவில் கயிறு சும்மா தொங்கியது. கயிற்றை வாங்கியவர்கள், ஓடி வரும் ஆளை வாங்கவில்லை. ஓடி வருகிறவர் “யார் செய்தது?” என்று கேட்டால் போதும், அடுத்த பழுது மறைக்கப்படும். “என்ன ஆச்சு?” என்று கேட்க வேண்டும்.

சென்னையைச் சுற்றி இந்தப் பழக்கம் தரத்தின் பெயரால் வந்தது. 1998இல் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். அதே ஆண்டு இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறந்தது.

ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக ஓ.எம்.ஆர். பிடித்தால் நாவலூர். இங்கே வரிசையும் இல்லை, காரும் இல்லை, கண்ணாடிக் கட்டடங்கள்தான். கயிறு இங்கே புத்தகமாக வந்தது. 2003இல் மேரி, டாம் பாப்பன்டீக் தம்பதி எழுதிய நூல் டொயோட்டாவின் சிந்தனையை மென்பொருள் எழுதுகிறவர்களிடம் கொண்டுசேர்த்தது. இன்று யாராவது நிரலை மாற்றினால் சோதனைகள் தானாக ஓடுகின்றன. தவறு என்றால் திரை சிவக்கிறது. ஊடை அறுந்தால் நிற்கும் தறிதான் அது. ஆனால் “இந்தத் தேதிக்குள் முடியாது”, “வாடிக்கையாளரிடம் நாம் சொன்னது தப்பு” என்பதையெல்லாம் எந்தச் சோதனையும் பிடிக்காது. அதை ஒரு மனிதர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இங்கே எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்பார்கள். நாக்கு கேட்காது, ‘சார்’ வந்துவிடும். நான் அப்படி ஒரு அலுவலகத்தில் சிறு குழுவுக்குப் பொறுப்பாக இருந்தேன். செங்கல்பட்டிலிருந்து தினமும் வந்துபோன ஒரு பெண், ஒரே ரசீது சில சமயம் இரண்டு முறை பதிவாவதைச் செவ்வாயே பார்த்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை, வேலை வாடிக்கையாளரிடம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“ஏம்மா முன்னாடியே சொல்லலை?”

“போன மாசம் ஒண்ணு சொன்னேன் சார். ‘இதை இப்பவா சொல்ற?’ன்னு கேட்டீங்க.”

எனக்கு அது நினைவே இல்லை. அவளுக்கு நாள், நேரம்கூட நினைவிருந்தது. மாதாமாதம் கருத்துக் கேட்புப் படிவம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதில் எல்லோரும் ஐந்துக்கு நான்கு போட்டார்கள். மூன்று வார்த்தைகளில் நான் அறுத்த கயிற்றை எந்தப் படிவமும் முடிந்து தராது. அன்று குழு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு, யார் எந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் என் வாயிலிருந்து முதலில் வருவது “காட்டுங்க” மட்டுமே என்று வைத்துக்கொண்டேன். முதல் சில வாரங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நான்கு மாதம் போயிருக்கும். மாலை ஆறே முக்கால், கம்பெனி பஸ் ஏழுக்கு. பைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பி, “சார், ஒரு நிமிஷம் வர்றீங்களா? நாளைக்கு அனுப்பக் கூடாதுன்னு தோணுது” என்றாள்.

எழுந்து போனேன்.