ஆறு தொடாத ஊருக்கு வந்த நீர்



நைல் நதி எகிப்தை வளர்த்தது. ஐபிராத்து நதி பாபிலோனை வளர்த்தது. வைகை மதுரையை வளர்த்தது. நம்முடைய தருமபுரியின் வரலாறோ வேறு. மாவட்டத்தின் மேற்கெல்லையில் காவிரியும், கிழக்கே தென்பெண்ணையும் ஓடுகின்றன. அவ்விரண்டு பேராறுகளும் நகரைத் தொடாமல் விலகியே செல்கின்றன. ஆயினும் இவ்வூர் ஏறத்தாழ 2000 ஆண்டுகள் நிலைத்திருக்கிறது. எதனால்?

இதன் பழம்பெயர் தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர் இது. அசோகப் பேரரசரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், சேரரோடு 'சத்தியபுத்திரர்' என்போரையும் குறிப்பிடுகிறது. அவர்கள் யாவர் என்பது நெடுங்காலம் விவாதத்திற்குரியதாயிருந்தது. தென்பெண்ணைக் கரையிலுள்ள ஜம்பையில் 1981-இல் அறியப்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியை அப்பெயராலேயே அழைக்கிறது. அவன் பாறையில் ஓர் உறைவிடம் அமைத்துக் கொடுத்ததை அது சொல்கிறது.

அசோகரின் அக்கட்டளை எதைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். அது போரைப் பற்றியதன்று. மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவம் செய்வது, மூலிகைகளை நடுவது, வழிநெடுகக் கிணறு தோண்டுவது ஆகியவற்றைப் பற்றியது. நம் மண்ணின் மன்னர் மரபு கல்லில் முதன்முதல் இடம்பெற்றது மருந்தோடும் கிணற்றோடும் என்பது சிந்திக்கத்தக்கது.

பின்பு பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான். நுளம்பர், சோழர், ஹொய்சளர், விசயநகரத்தார், மைசூரார் என ஆட்சிகள் மாறின. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து வரி வகுத்தனர். 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. கொடிகள் மாறினும், குடிகள் ஏரியையும் கிணற்றையும் நம்பியே வாழ்ந்தனர்.

ஆனால் அந்தக் கிணற்று நீரிலேயே துன்பமும் மறைந்திருந்தது. இவ்வட்டாரத்துப் பாறைகளிலிருந்து கரையும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் மிகுந்திருந்தது. அது பிள்ளைகளின் பற்களைக் கறைப்படுத்தியது. முதியோரின் எலும்புகளை இறுகச் செய்து முதுகை வளைத்தது. தாகம் தீர்க்கக் குடித்ததே நோயாயிற்று. இதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அண்டை மாநிலத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஜப்பானின் கடனுதவியோடு பணி நிறைவேறி, 2013-இல் காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குழாய்வழி வரலாயிற்று. ஆறு தொடாத ஊரை ஆற்றுநீர் தேடி வந்தது.

ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு, தன் தகப்பன் வெட்டிய துரவுகள் தூர்ந்திருக்கக் கண்டு, அவற்றை மறுபடியும் தோண்டுகிறான். புதிதாய் வெட்டிய இரண்டு துரவுகளுக்காக மேய்ப்பர் வாக்குவாதம் பண்ணுகிறார்கள். அவன் சண்டையிடாமல் விலகி மூன்றாவதை வெட்டி, அதற்கு ரெகொபோத் என்று பேரிடுகிறான். எல்லாருக்கும் இடமுண்டு என்பதே அவன் கண்ட ஆசீர்வாதம்.

பிரியமானவர்களே, ஓர் ஊர் இயற்கையின் கொடையால் மட்டும் வளர்வதில்லை. பிறர் தாகத்தைத் தன் தாகமாய் எண்ணுவோரால் வளர்கிறது. நம் வீட்டுக் குழாயில் வரும் நீருக்காக ஸ்தோத்திரம் செலுத்துவோம். தூர்ந்துகிடக்கும் நம் ஊர் ஏரியைத் தூர்வாரவும் கைகொடுப்போம். நமக்குப் பின்வரும் பிள்ளைகள் நாம் தோண்டிய துரவில் குடிக்கும்படி கர்த்தர் நம்மை நடத்துவாராக. ஆமென்.