இந்தியப் படைப்பெண்களும் இடுப்புத்தள நலமும்

இடுப்புத்தளம் என்பது அடிவயிற்றின் முன் எலும்பிலிருந்து பின்புற வால் எலும்பு வரை, கயிற்றுக் கட்டில்போலப் பின்னி நிற்கும் தசைத் தொகுதி ஆகும். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குவது இதுவே. பேறுகாலத்தாலும், தொடர்ந்து சுமை தூக்குவதாலும், உயரத்திலிருந்து குதிப்பதாலும் இக்கட்டு தளரக்கூடும். தளர்ந்தால் இருமும்போதும் ஓடும்போதும் சிறுநீர் கசியும். சிலருக்குக் கருப்பை இறங்கும். படைப்பணியில் சுமையும் ஓட்டமும் குதித்தலும் அன்றாட வேலை.

இந்தியப் பெண்கள் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்த வரலாறு 1943இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட ஜான்சி ராணிப் படையில் தெளிவாகத் தெரிகிறது. அதில் சேர்ந்தோரில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர். தலைமை ஏற்ற லட்சுமி சுவாமிநாதன் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்று, மகப்பேறு மருத்துவத்தில் பட்டயமும் பெற்றவர். படைத்தலைவியே பெண்நோய் மருத்துவராக இருந்தது அபூர்வமான பொருத்தம். எனினும் இடுப்புத்தசைப் பயிற்சி மருத்துவ உலகில் பரவலாக அறியப்பட்டது, அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கீகல் 1948இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பாங்காக் நோக்கிப் பின்வாங்கியபோது, அப்பெண்கள் பெரும்பகுதித் தூரத்தை நடந்தே கடந்தனர்.

விடுதலைக்குப் பின் மருத்துவம், செவிலியம் தவிர்த்த பிரிவுகளின் கதவு 1992இல்தான் திறந்தது. சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பெண்கள் பயிற்சி பெறத் தொடங்கினர். மூட்டை, காலணி, தடைதாண்டும் களம் எல்லாம் ஆண் உடலை அளவாக வைத்து உருவானவை.

இதன் விளைவை முதலில் அளந்து பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1990களில் அந்நாட்டுப் படைப்பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சிறுநீர்க் கசிவு தங்களுக்குத் தொல்லையாக இருப்பதாகக் கூறினர். களப்பயிற்சியின்போது வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. கழுகுமலை, கோவில்பட்டிப் பக்கக் கரிசல் காட்டில் களையெடுக்கப் போகும் பெண்கள், ஒதுங்க மறைவில்லாத வெட்டவெளி என்பதால் தாகத்தை அடக்கிக்கொள்வதைக் கண்டவர்களுக்கு இது புதிதாகப் படாது. வெயிலில் நீர் வற்றிய உடலுக்கு மயக்கமும் சிறுநீர்த் தொற்றும் எளிதில் வரும்; கசிவை மறைக்கப் போய் அதைவிடப் பெரிய நோயை வாங்கிக்கொள்வதுதான் மிச்சம். வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரியில், குழந்தை பெறாத இளம் மாணவிகளை வைத்து நடத்தி 2007இல் வெளியான மற்றோர் ஆய்வு, வான்குடையில் குதிக்கும் பயிற்சி பெற்றவர்களிடம் உறுப்பு இறக்கம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. பிள்ளை பெற்றவர்களுக்கே இந்த நோய் என்ற எண்ணம் அதோடு தளர்ந்தது.

இந்தியாவில் பெண்ணுடல் பற்றிய பேச்சு நீதிமன்றம் வழியாக வந்தது. பபிதா புனியா வழக்கில் பெண்களின் உடலமைப்பையும் தாய்மையையும் காரணம் காட்டிய அரசுத் தரப்பு வாதத்தை ஏற்காத உச்ச நீதிமன்றம், 2020 பிப்ரவரி 17 அன்று பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்க உத்தரவிட்டது. அடுத்து வந்தது தகுதித் தேர்வுச் சிக்கல். ஆண்களுக்கு ஐந்தாம் அல்லது பத்தாம் பணியாண்டில் பார்க்கும் 'ஷேப்-1' உடல்தகுதியை, நாற்பது வயதைக் கடந்த பெண்களிடம் அப்போதைய நிலையில் கேட்டார்கள். 2021 மார்ச் 25 அன்று நிதிஷா வழக்குத் தீர்ப்பு இதை மறைமுகப் பாகுபாடு என்றது. அத்தீர்ப்பு இடுப்புத்தளத்தைப் பற்றியதன்று. ஆனால் முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட காலம் பேறும் சுமையும் அந்தத் தசைகளில் ஒருசேர விழும் காலம். அதைக் கணக்கில் கொள்ளாமல் ஆணோடு ஒப்பிட்டது அநியாயமே.

சிகிச்சை எளிது. பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் சொல்லித்தந்தபடி தசைகளை இறுக்கித் தளர்த்தும் பழக்கத்தைச் சில மாதங்கள் தொடர்ந்தால் பலருக்குக் கசிவு குறைகிறது. வாய்விட்டுச் சொல்வதுதான் கடினம். உடல்தகுதித் தரம் இறங்கிவிடும் என்ற அச்சம் சேர்ந்தால் இன்னும் கடினம்.

தேசியப் பாதுகாப்பு அகாடமியில் 2022இல் முதன்முறையாக 19 பெண்கள் சேர்ந்தனர். அந்த அணியில் 17 பேர் 2025 மே 30 அன்று தேறி வெளிவந்தனர். பதின்ம வயதில் பயிற்சிக்கு வந்த அவர்களும் வெஸ்ட் பாயிண்ட் ஆய்வில் இருந்த மாணவிகளும் ஏறத்தாழ ஒரே வயதினர்.