பருத்தியும் ஜாதி என்னும் சொல்லும்

1768-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்த கோனிக், லின்னேயசின் மாணாக்கர். உயிர்களைப் பேரினம், சிற்றினம் எனப் பகுக்கும் முறையை அவருக்குப்பின் ராட்லர் ஐயரும் கையாண்டார். எடுத்துக்காட்டு வேண்டின் திருப்பூர்ப் பஞ்சுச் சந்தையைக் காண்க. அங்கு விலைபோன கருங்கண்ணியும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய கம்போடியாவும் பேரினத்தால் ஒன்று, சிற்றினத்தால் வேறு. முன்னதற்கு 26 குரோமோசோம்கள், பின்னதற்கு 52. இரண்டையும் கலந்து பெறும் செடி பெரும்பாலும் மலடாகும்.

ஆதியாகமம் முதல் அதிகாரம் பூண்டுக்கும் மிருகத்துக்கும் ‘ஜாதி’ கூறுகின்றது. மனிதனைப் படைத்த வசனங்களிலோ அச்சொல் இல்லை. உயிரியலிலும் மாந்தர் அனைவரும் ஒரே சிற்றினமே. நம் சபையார் இதனை எளிதில் ஏற்றாரல்லர். ராட்லர் வேப்பேரியில் முதுமையுற்றிருந்த 1833-இல், ஜாதி வேற்றுமையைத் திருச்சபையினின்று அகற்றுமாறு பேராயர் தானியேல் வில்சன் கட்டளையிட்டார். பொதுப் பாத்திரத்தில் பருக இசையாது பலர் சபையைவிட்டு விலகினர்.