பித்தப்பை நீக்கமும் வடிகுழாயும்

பித்தப்பையை அறுத்தெடுத்த பிறகு, கல்லீரலின் அடிப்பரப்பில் கசியும் இரத்தமும் பித்தநீரும் உள்ளே தேங்கிச் சீழ்பிடியாதிருக்கும் பொருட்டு, வயிற்றுச் சுவரைத் துளைத்து வைக்கப்படும் குழாய் வடிகுழாய் எனப்படும். அதனை வைத்தே தீரவேண்டுமா, வைப்பதாயின் எவ்வகை உத்தமம் என்னும் வினாக்கள் நெடுங்காலம் சஸ்திர வைத்தியர்களிடையே விவாதத்துக்குரியனவாக இருந்தன.

வடிகுழாயின் வரலாற்றில் பெயர்பெற்ற சஸ்திர வைத்தியர் ஜோசப் லிஸ்டர், கிழக்கு இலண்டனில் அப்டன் என்னும் ஊரில், 1827 ஏப்ரல் 5-ஆம் நாள் பிறந்தவர். 1871-இல் பால்மோரல் மாளிகையில் விக்டோரியா மகாராணியாரின் அக்குளில் இருந்த சீழ்க்கட்டியைக் கீறியபின், உள்ளே வைத்த துணித்திரி சீழை வெளியேற்றாமல் அடைத்து நிற்கக் கண்ட அவர், கார்பாலிக் அமிலம் தெளிக்கும் கருவியிலிருந்த ரப்பர்க் குழாயில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, இரவு முழுவதும் அவ்வமிலத்திலேயே ஊறவைத்து உட்செலுத்தினார், சீழ் வடிந்தது. பிரெஞ்சு வைத்தியர் சாசெஞாக் 1859-இலேயே இத்தகைய குழாயைப் பற்றி எழுதியிருந்தார் எனினும், அரண்மனைச் சிகிச்சையின் கீர்த்தி லிஸ்டரையே சேர்ந்தது.

1882 ஜூலை 15-இல் பெர்லினில் லாங்கன்புக் என்னும் சஸ்திர வைத்தியர் முதன்முதலாகப் பித்தப்பையை நீக்கினார். சீழ்க்கட்டிக்கு உதவிய குழாய், சீழ் இல்லாத இச்சிகிச்சையிலும் நாளடைவில் சம்பிரதாயமாகவே வேரூன்றியது. பென்ரோஸ் பெயரால் வழங்கும் மெல்லிய ரப்பர்க் குழாய் திறந்த வகையினது. உள்ளிருப்பதற்கு வழிவிடுவது போலவே வெளிக்கிருமிகளுக்கும் அது வழிவிடும். அக்குறையை நீக்கவே, 1950-களில் பிரெஞ்சுக்காரரான ரெடானின் பெயரால், காற்று நீக்கிய புட்டியோடு பொருத்தி உறிஞ்சும் மூடிய வகை வந்தது. ஆயினும் 1905-இலேயே யேட்ஸ் என்னும் அமெரிக்கர், வயிற்றறையில் வைத்த குழாயைச் சுற்றியுள்ள உறுப்புகள் சில மணி நேரத்திலேயே ஒட்டிச் சூழ்ந்து தனிப்படுத்திவிடும் என்று சோதனையால் காட்டியிருந்தார். அவ்வெச்சரிக்கை அன்றே செவிமடுக்கப்பட்டிருப்பின் எத்தனையோ நோயாளிகள் வீண்வேதனைக்கு ஆளாகாதிருப்பர்.

தெளிவு இலண்டனிலிருந்தே கிடைத்தது. ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சார்ந்த குறிஞ்சி குருசாமி, சாம்ராஜ் என்பவருடன் 2007-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்புக்காக, வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சை பற்றிய 28 பரிசோதனைகளையும் அவற்றில் பங்குகொண்ட 3,659 நோயாளிகளையும் ஒருங்கே ஆராய்ந்தார். குழாய் வைக்கப்படாதவர்களுக்குப் புண்ணில் தொற்றும் மார்புத்தொற்றும் குறைவாகவே இருந்தன, இறப்பில் வேறுபாடில்லை, குழாயின் வகைகளுக்கிடையேயும் குறிப்பிடத்தக்க ஏற்றத்தாழ்வு காணப்படவில்லை. சிறுதுளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையிலும், சிக்கலற்ற நோயாளிகளுக்குக் குழாயால் பயனுண்டு என்பதற்கு அவருடைய பிற்கால ஆய்வில் சான்று கிட்டவில்லை.

எனவே இக்காலத்தில், கடும் அழற்சியால் திசுக்கள் சிதைந்திருந்தாலோ, பித்தப்பை நாளத்தின் தண்டை உறுதியாகக் கட்ட இயலாதிருந்தாலோ, பித்தநீர் கசியுமென்ற ஐயம் இருந்தாலோ மட்டுமே வைத்தியர் வடிகுழாயை நாடுகின்றனர். அவ்வாறு வைத்த குழாயையும் பித்தநீர் வரவில்லையெனக் கண்டதும் விரைவில் எடுத்துவிடுகின்றனர்.