பாசிப்பாட்டமும் ஏரிப்பணியும்

திருக்குட நன்னீராட்டு மலரில் மீனைப் பற்றி எழுதுவது தகுமோ என ஐயுறுவார் சிலர் உளர். அறுபத்துமூவருள் ஒருவராகிய அதிபத்த நாயனார் நாகப்பட்டினத்துப் பரதவர் தலைவர் என்பதனை அன்னோர் மறந்தனர் போலும். நாடோறும் வலையில் அகப்பட்டவற்றுள் ஒரு மீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டு வந்தவர் அவர். ஒரே மீன் கிடைத்த நாட்களிலும் அதனையே விட்டுப் பசித்திருந்தார். பின்னர்ப் பொன்மீன் அகப்பட்டபோதும் அவ்வாறே செய்தார்.

நீர் தந்ததில் ஒரு பங்கு நீருக்கே மீளவேண்டும் என்னும் முறை ஏரிகளிலும் இருந்தது. பழங்கல்வெட்டுக்களில் 'பாசிப்பாட்டம்' என்றொரு சொல் வருகிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பெறும் பாட்டமே அது. அப்பொருளைப் பிறவற்றிற்குச் செலவிடாது, அவ்வேரியைக் குழிக்கவும் கரையைச் செப்பனிடவும் வைத்த ஊர்கள் பல. வெள்ளம் வருந்தோறும் வண்டல் படியும். அதனை அகற்றாவிடின் ஏரி மேடாகும். கோடைக்கு முன்னரே நீர் வற்றும். பயிரும் மீனும் ஒருங்கே கெடும். ஆகவே, வலைஞர் செலுத்திய பாட்டம் அடுத்த ஆண்டு அவர் வலைக்கு வரும் மீனையே காத்தது என்க. அகற்றிய வண்டலோ கரைக்கும் கழனிக்கும் பயன்பட்டது.

இத்தகைய பணிகளை மேற்பார்த்தவர் ஏரி வாரியத்தார். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) அவ்வாரியத்திற்குக் குடவோலை வழியே அறுவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. அவர்தம் பதவிக்காலம் 360 நாள். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதார் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர். இக்கடுமையை இந்நாளில் எத்தனைத் திருப்பணிக் குழுக்கள் தாங்கும்!

பிற்காலத்தே ஊர்ச்சபைகள் தளர்ந்தன. சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டு குடிமராமத்து உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றப்பெற்றது. எனினும், தமதென்று கருதி ஊரார் செய்த பணியைச் சட்டத்தால் மீட்க இயலவில்லை. குடிமராமத்து என்னும் அப்பெயராலேயே 2017இல் தமிழக அரசு ஏரிப்பணியை மீண்டும் தொடங்கிற்று.

திருக்கோயிற் குளத்தின் நிலை சற்றே வேறு. அங்கும் வண்டல் படிகிறது. ஆயின் அங்குள்ள மீனுக்குப் பொரியிடுவார் பலரேயன்றி, வலையிட்டுப் பாட்டம் செலுத்துவார் அரியர். ஆதலின் அக்குளத்தைத் தூர்வாரும் செலவு அன்பர்தம் கொடையாகவே வரவேண்டியிருக்கிறது.