கொடியாய் வளைந்த இரும்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கட்டடங்கள் பல பழங்காலப் பாணிகளையே திரும்பத் திரும்பப் படியெடுத்தன. அந்நூற்றாண்டின் இறுதியில், பெல்ஜியத் தலைநகரான பிரஸ்ஸல்சில் 'ஆர்ட் நூவோ' என்னும் புதுக்கலை தளிர்த்தது.

1893இல் விக்டர் ஹோர்ட்டா அங்கு எழுப்பிய டாசல் இல்லத்தில், மாடிப்படியருகே நிற்கும் மெல்லிய இரும்புத்தூண் உச்சியில் கொடிச்சுருள்களாகப் பிரிகிறது. அதே வளைவு கைப்பிடியிலும் சுவரோவியத்திலும் தரையிலும் படர்கிறது. பூவையும் இலையையும் ஒட்டவைப்பதன்று அவர் நெறி. தண்டின் வலிமையையும் வளைவையும் கற்பதே. யாப்பே அணியாவது போல, பாரம் தாங்கும் உறுப்பே அங்கு அழகாயிற்று.

ஹென்றி வான் டி வெல்ட இந்நெறியை உடைக்கும் கொண்டு சென்றார். 1895இல் தமக்கெனக் கட்டிய இல்லத்திற்கு இசைய, மனைவி மரியாவின் ஆடைகளையும் அவரே வரைந்தார். இடையை இறுக்கும் கச்சினை ஒதுக்கி, துணி தோளிலிருந்து தடையின்றி வீழ்ந்தது. அவ்வகை உடைகள் 1900இல் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரில் காட்சிக்கு வைக்கப்பெற்றன.

தொழிலாளர்க்கென இரும்பாலும் கண்ணாடியாலும் ஹோர்ட்டா சமைத்த 'மக்கள் இல்லம்' 1899இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர்கள் பலர் எதிர்த்தும் 1965இல் அது இடிக்கப்பட்டது. டாசல் இல்லம் உள்ளிட்ட அவருடைய நான்கு கட்டடங்களை யுனெஸ்கோ 2000இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. நால்வகையும் நகர இல்லங்களே. உழைப்போர் கூடிய மன்றம் அப்பட்டியலில் இல்லை. அது நின்ற இடத்தில் அடுக்குமாடி எழுந்துவிட்டது.